உண்டியலைத் தூக்குவதற்கு முன்: நேபாளக் குடும்பங்களுக்கு உதவி திரட்ட ஒரு வழிகாட்டி

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. நண்பகலுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது நேபாளத்தில் நிலம் ஆடியது. கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் மையம், அளவு 7.8. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் எங்கெங்கிருந்தோ காத்மாண்டுக்குச் சாமான்கள் போய் இறங்கின. அந்த விமான நிலையத்தில் இருப்பதே ஒரு ஓடுபாதை. அதுவும் பழுதாகி, கனமான விமானங்களை நிறுத்திவைத்தார்கள். சுங்கத்தில் மூட்டைகள் தேங்கின. அப்போதைய நிதியமைச்சர் ராம் சரண் மகத் சலித்துக்கொண்டார்: டூனா மீனும் மயோனைஸும் வந்திருக்கின்றன, அதை வைத்து நாங்கள் என்ன செய்ய, எங்களுக்கு வேண்டியது தானியமும் உப்பும் சர்க்கரையும் என்று.

என் பங்குக்கு நானும் அப்போது இரண்டு மூட்டை கட்டினேன். ஒரு பட்டுப்புடவை, கல்லூரிக் காலத்துக் கோட்டு, பிள்ளைகளின் பழைய பள்ளிச் சீருடை. மலைமேல் கூரை இல்லாமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பட்டுப்புடவை! அந்த மூட்டைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று இன்றுவரை தெரியாது.

2023 நவம்பர் 3 இரவு மேற்கு நேபாளத்து மலை மாவட்டமான ஜாஜர்கோட்டில் பூகம்பம் வந்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் தெருமுனை மெஸ்ஸில் வேலை பார்க்கும் மூன்று தம்பிகளுக்கு அதுதான் சொந்த ஊர். இந்த முறை மூட்டை கட்டவில்லை. அவர்களோடு உட்கார்ந்து, தப்பும் தவறுமாகச் செய்து, நாலு மாதத்தில் ஒரு வழி பிடிபட்டது. 2024 செப்டம்பர் கடைசியில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கையும் காவ்ரே பக்கத்தையும் வெள்ளம் அடித்து 200 பேருக்கு மேல் போனபோது அதே வழியை மறுபடி செய்து பார்த்தோம். புதிதாக இறங்குகிறவர்களுக்கு அதையே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், வாங்குகிற கையைத் தேடுங்கள்

எல்லோரும் பண்ணுகிற தவறு, பணம் சேர்த்துவிட்டு யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவது. தலைகீழாகச் செய்யுங்கள். அங்கே வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஒரு கை கிடைக்கும்வரை இங்கே ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள்.

அந்தக் கையைத் தேட காத்மாண்டு வரை போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே இருப்பார்: மெஸ்ஸில் சமைப்பவர், மோமோ வண்டிக்காரர், இரவுக் காவல்காரர். போய்ப் பேசுங்கள். (நேபாளியில் அண்ணனை அழைக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் ‘தாய்’ என்றுதான் வரும். ஐம்பது வயது மீசைக்காரரைத் தாயே என்று கூப்பிடப் பழக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அக்காவுக்கு ‘தீதி’, தம்பிக்கு ‘பாய்’.) அவரிடம் மூன்று கேள்வி: எந்த மாவட்டம், எந்தப் பாலிகா, எந்த வார்டு?

நேபாளத்தில் 77 மாவட்டங்கள், 753 உள்ளாட்சிகள். நகரம் என்றால் நகர்பாலிகா, கிராமம் என்றால் காவ்ன்பாலிகா. ஒவ்வொன்றிலும் வார்டுகள், வார்டுக்கு ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். ‘ஜாஜர்கோட்டுக்கு உதவி’ என்பது முகவரி ஆகாது. இன்ன பாலிகா, இத்தனையாவது வார்டு, இன்ன டோல் என்று தெரிந்தால்தான் உங்கள் பணத்துக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. டோல் என்றால் நம் ஊர்த் தெரு, குடியிருப்பு மாதிரி.

இடம் தெரிந்ததும் ஆள். அம்மாக்கள் குழுவுக்கு அங்கே ‘ஆமா சமூஹ்’ என்று பெயர், கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் இருக்கும். ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பள்ளி ஆசிரியர், இளைஞர் மன்றம் என்று இன்னும் சிலர் உண்டு. ஐம்பது, அறுபது வீடு அளவுக்கு இவர்கள் போதும், வார்டு அலுவலகம் சாட்சியாக நின்றால் சரி. அதற்கு மேல் பெரிய தொகை என்றால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தைப் பிடியுங்கள். மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு, காத்மாண்டில் உள்ள சமாஜ் கல்யாண் பரிஷத்தில் (அரசின் சமூக நல மன்றம்) இணைப்பு, இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பணத்தை வாங்கிச் செலவழிக்க அந்தப் பரிஷத்தின் அனுமதி வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிற நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

யாரும் கிடைக்கவில்லையா? பிரதமரின் பேரிடர் நிவாரண நிதி என்று அரசு நிதி ஒன்று இருக்கிறது. 2015இல் பூகம்பம் நடந்த சில நாட்களிலேயே, நிவாரணத்துக்கென்று புதிதாகத் தொடங்கிய கணக்குகளில் விழும் பணம் அந்த நிதிக்குத்தான் போக வேண்டும் என்று அரசு அறிவித்தது; உலகம் முழுக்க இருந்த நேபாளிகள் கொதித்துப்போனார்கள், அப்புறம் அரசு விளக்கம் கொடுத்தது. எல்லா உதவியும் அரசு வழியாகவே போக வேண்டும் என்பதற்கு ‘ஒரே வாசல்’ கொள்கை என்று பெயர். ஒவ்வொரு பேரிடரிலும் இந்தப் பேச்சு ஏதோ ஒரு வடிவில் எழும். எனவே மாவட்டத்தின் தலைமை அதிகாரி அலுவலகத்துக்கு, சுருக்கமாக சிடிஓ என்பார்கள், ஒரு தகவலாவது சொல்லாமல் லாரி நிறையச் சாமானோடு போய் இறங்காதீர்கள்.

படத்தை நம்பாதீர்கள்

2015இல் ஒரு படம் சுற்றியது. சின்னப் பையன் ஒருவன் தங்கையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நேபாளப் பூகம்பத்தில் அனாதையான பிள்ளைகள் என்று ஊரே அழுதது, அவர்களைத் தேடிப் பணம் கொடுக்கக்கூட முயன்றார்கள். அது 2007இல் வியட்நாமில் எடுத்த படம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வயலில் வேலையாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

குழுவில் படம் வந்தால் உடனே அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். அந்த வார்டுக்காரர் ஒருவரிடம் காட்டி, இது உங்கள் ஊர்தானா என்று கேட்க ஒரு நிமிடம் ஆகும்.

பட்டியல்

இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

எங்களுக்கு முதலில் வந்த பட்டியலில் 41 வீடுகள். நோட்டுத் தாளில் நேபாளியில் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற தம்பி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, போனைப் பெரிதாக்கி ஒவ்வொரு பெயராகப் படித்தான். கடைசி வரை படித்துவிட்டு, “கீழ் டோல் இல்லையே” என்றான். அவனுக்குச் சொந்த வீடு இருப்பதும் அங்கேதான். மேலே டகுரி, சேத்ரி என்ற மேல்சாதி வீடுகள், கீழே ஓடையை ஒட்டிக் காமி, தமாய் என்ற தலித் வீடுகள். பட்டியல் எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு விட்டார் என்று சொல்ல மாட்டேன். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஊர் அங்கேயே முடிந்துவிடுகிறது, நமக்குத் தெரியாத சங்கதியா இது? திரும்பப் போன் போட்டுக் கேட்டதில் இன்னும் 19 வீடு சேர்ந்தது. மொத்தம் 60.

அதனால் பட்டியலை எப்போதும் இரண்டு பேரிடமிருந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் வாங்குங்கள். இரண்டிலும் இல்லாத வீடு எது என்று மூன்றாவது ஆளைக் கேளுங்கள். கேட்க வேண்டியவை: வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை, கர்ப்பிணி, நடமாட முடியாத முதியவர் உண்டா, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப ஆள் உண்டா. கடைசிக் கேள்வி முக்கியம். மலேசியாவிலோ கத்தாரிலோ மகன் இருக்கிற வீடு எப்படியும் சமாளிக்கும். மகன் நம் ஊர் ஓட்டலில் இருந்தால் கொஞ்சம் இழுபறி. யாருமே இல்லாத வீடுதான் முதலில் வர வேண்டும்.

ஒரே அடுப்பா, இரண்டு அடுப்பா என்றும் கேளுங்கள். ஒரு கூரையின் கீழ் அண்ணன் தம்பி தனித்தனியாகச் சமைப்பார்கள். வீட்டுக் கணக்கில் ஒன்று, சாப்பாட்டுக் கணக்கில் இரண்டு.

அரசு ஏற்கெனவே என்ன கொடுத்தது, என்ன கொடுக்கப் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜாஜர்கோட்டில் தற்காலிகக் குடில் கட்ட 50,000 நேபாள ரூபாய், 25,000 வீதம் இரண்டு தவணை. 2015க்குப் பிறகு வீடு கட்ட 3 லட்சம், மூன்று தவணை. முதல் தவணை 50,000 மட்டும்தான், அதில் அடித்தளம் போட்டுக் காட்டினால்தான் அடுத்தது. இப்படித் தவணைக்கும் தவணைக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிற குடும்பத்துக்குச் சின்னத் தொகைகூடப் பெரிய உதவி.

போன் செய்யும்போது ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு விஷயம்: அவர்கள் கடிகாரம் இந்தியாவை விட 15 நிமிடம் முன்னால் ஓடும்.

பொருளா, பணமா

பணம். சாலை அறுந்து கடையே இல்லாத முதல் சில நாட்கள் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் பொருளை இங்கிருந்து அனுப்பாமல் அங்கேயே பக்கத்து நகரத்தில் வாங்கச் சொல்லுங்கள். மேற்கு மலை மாவட்டங்களுக்கு நேபாள்கஞ்ச்தான் மொத்தச் சந்தை. எல்லைச் சுங்கம் இல்லை, அளவு தப்பாது, கடைக்காரருக்கும் வியாபாரம்.

என்ன வாங்குவது என்பதைப் பருவம் சொல்லும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழை. அப்போது தார்ப்பாயும் (அங்கே ‘திர்பால்’) தகரமும் (‘ஜஸ்தா பாதா’) முதலில். மலைச்சரிவில் மண் சரிந்து சாலை மூடும், எட்டு மணி நேரப் பயணம் இரண்டு நாள் ஆகும், அதையும் கணக்கில் போடுங்கள். நவம்பரில் பூகம்பம் என்றால் குளிர். ஜாஜர்கோட்டில் சாவு பூகம்பத்தோடு முடியவில்லை. திர்பாலுக்கடியில் குளிரிலும் ஆட்கள் போனார்கள். அங்கே கம்பளியும் பஞ்சு ரஜாயும்தான் (‘சிரக்’) வேண்டும், நம் ஊர்ப் போர்வை காணாது. வெள்ளம் என்றால் குடிதண்ணீர்தான் முதல் தலைவலி. தண்ணீரில் சொட்டு விடுகிற ‘பியூஷ்’ என்ற குளோரின் குப்பி அங்கே மருந்துக்கடைகளில் கிடைக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, சோப்பு ஆகியவற்றோடு மாதவிடாய்த் துணியையும் பட்டியலில் எழுதுங்கள். ஆண்கள் எழுதும் பட்டியலில் அது ஒருபோதும் வராது.

பழைய துணி வேண்டாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாராவது ஒருவர் பையோடு வந்து நிற்பார். வாங்கி, பக்கத்து முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

சட்டத்தை முன்னாலேயே கேளுங்கள்

மெஸ் தம்பி தன் சம்பளத்தில் இருந்து அண்ணன் கணக்குக்கு அனுப்புவது ஒரு விஷயம். தெருவில் உண்டியல் தூக்கி ஊராரிடம் வாங்கிய பணத்தை எல்லை தாண்டி அனுப்புவது வேறு விஷயம். முதலாவதற்கு 2008இலேயே ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய இந்திய–நேபாளப் பண அனுப்பு வசதி இருக்கிறது. வங்கிக் கணக்கு இருந்தால் ஒரு தடவைக்கு 2 லட்சம் வரை, கணக்கு இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் 50,000 வரை. தனி மனிதர்கள் சொந்தத் தேவைக்கு அனுப்பும் வழி அது. இரண்டாவதற்கு, தொடங்கும் முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

அறக்கட்டளை வைத்திருக்கிறோம், அதன் வழியாக அனுப்பிவிடலாம் என்பவர்களுக்கு: இந்தியாவுக்கு வெளியே செலவழித்த தொகைக்கு வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது, நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டும். 80ஜி என்று பழகிப்போன வரிச்சலுகை ரசீது கொடுப்பதாக வாய்தவறிக்கூடச் சொல்லாதீர்கள், உங்களுக்கு அந்தப் பதிவு இருந்தாலொழிய. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் உங்கள் கணக்குக்குப் பணம் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அவர் இருக்கிற நாட்டிலேயே பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுக்கட்டும்.

சிங்கப்பூரில் இருக்கிறீர்கள் என்றால், வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் திரட்ட அறக்கொடை ஆணையரின் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வேண்டும். பிரிட்டனில் பதிவு பெற்ற அமைப்பு வழியாகப் போனால், வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும். விட்டுவிடாதீர்கள்.

இப்போது உண்டியல்

முதலில் தொகையை முடிவு செய்யுங்கள். ‘முடிந்ததைக் கொடுங்கள்’ என்றால் பத்து ரூபாய் வரும், அதுவும் தயங்கித் தயங்கி. எங்கள் கணக்கு இப்படி: 60 வீடு, வீட்டுக்கு 5,000 நேபாள ரூபாய், மொத்தம் 3 லட்சம். ஒரு இந்திய ரூபாய் 1.6 நேபாள ரூபாய், 1993 முதல் அதே விகிதம். ஆக 1,87,500 இந்திய ரூபாய். லாரி வாடகை, சுமைகூலி, அனுப்பும் கட்டணம் எல்லாம் தனி. அறிவிப்பில் எந்த நாட்டு ரூபாய் என்று கட்டாயம் எழுதுங்கள். நாங்கள் வெறும் ‘ரூ. 5,000’ என்று போட்டதால், ஒருவர் ஒரு வீட்டுக்கென்று 5,000 இந்திய ரூபாய் அனுப்பிவிட்டு, பிறகு மிச்சம் எங்கே என்று கேட்டார். கேட்டது நியாயம்தான்.

பணம் விழும் கணக்கு ஒருவர் பெயரில் இருந்தாலும், நுழைகிற ஒவ்வொரு தொகையும் இன்னொருவர் பார்வைக்குப் போகட்டும். ரொக்கம் வாங்கினால் அங்கேயே துண்டுச்சீட்டு. வாக்குக் கொடுத்த தொகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கையில் வந்ததுதான் தொகை.

எப்படிக் கேட்பது என்பதை நேபாளிகளிடமே கற்றுக்கொள்ளலாம். அவர்கள் நன்கொடையைச் சொல்லும் சொல்லே ‘சந்தா’தான். பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ கட்ட வேண்டும் என்றால் ஊரில் ஏழு நாள் பாகவதம் வாசித்து, நெல்லை மலைபோல் குவித்து, யார் எவ்வளவு என்று மைக்கில் அறிவிப்பார்கள். தானிய மலை என்ற பொருளில் அதற்குத் தான்யாசல் மகாயக்ஞம் என்று பெயர். திஹார் பண்டிகையில் இளைஞர்கள் வீடு வீடாகப் போய் தேவுசி, பைலோ பாடிக் காசும் ரொட்டியும் வாங்குவார்கள். வெளியூர்களில் இருக்கும் நேபாளிகள் இப்போது அந்தப் பாட்டுக் காசையே ஊர் உதவிக்குத் திருப்பிவிடுகிறார்கள். நாங்கள் மெஸ் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோமோ கடை போட்டோம். மாவும் கோஸும் மெஸ்காரர் உபயம். தம்பிகள் விடியற்காலை நாலு மணியிலிருந்து மடித்தார்கள், நான் மடித்தவை மட்டும் ஆவியில் வாயைத் திறந்துகொண்டன. அழுகிற குழந்தைப் படம் ஒன்றுகூட ஒட்டவில்லை. அன்று மாலைக்குள் 23,000 ரூபாய் சேர்ந்தது.

அனுப்புதல்

முதலில் 500 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேர்ந்தது என்று எதிர்முனையில் இருந்து கணக்குச் சீட்டின் படம் வந்த பிறகு மிச்சம். நாங்கள் இதைச் செய்யாமல் முதல் தவணையை மொத்தமாக அனுப்பினோம். வாங்குபவரின் பெயர் நாகரிக்தாவில், அதாவது அவர்கள் குடியுரிமைச் சான்றில் ஒரு மாதிரியும் வங்கியில் இன்னொரு மாதிரியும் இருந்தது. ஒரே ஓர் எழுத்துதான். பணம் பதினோரு நாள் நடுவில் தொங்கிவிட்டுத் திரும்பி வந்தது. நான் போன கிளையில் யாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் அங்கே உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது.

நேபாளத்தில் வாராந்திர விடுமுறை சனிக்கிழமை. தசைன் பண்டிகை நேரத்தில் நாடே ஊருக்குப் போய்விடும், அந்த நாட்களில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கூட்டுறவுச் சங்கக் கணக்கைக் கொடுத்தால் தவிர்த்துவிடுங்கள். பல சங்கங்கள் முழுகி, போட்டவர்கள் வருடக்கணக்காக அலைகிறார்கள். சாதாரண வங்கிக் கணக்கு நல்லது, முடிந்தால் வீட்டுப் பெண்ணின் பெயரில்.

பிரித்துக் கொடுக்கும் நாள்

அங்கே நடப்பதை இங்கிருந்து ஓட்ட முடியாது. மூன்று விஷயம் மட்டும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வார்டு அலுவலகத்தில் இருந்து ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பட்டியலில் பெயருக்கு நேரே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். வாங்குகிறவரை வரிசையில் நிறுத்திப் பையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கக் கூடாது. மூன்றாவதற்கு இங்கே உள்ளவர்கள்தான் முரண்டு பிடிப்பார்கள், கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டாமா என்று. கைநாட்டுத் தாளே ஆதாரம்.

சாலை முடிகிற இடத்திலிருந்து வீடுவரை சுமக்கும் கூலியை மறக்காதீர்கள். அரிசி மூட்டையை நெற்றிப் பட்டையில் மாட்டி மூன்று மணி நேரம் ஏறுகிறவருக்குச் சேவை மனப்பான்மை பற்றிப் பாடம் நடத்தக் கூடாது, கூலி கொடுக்க வேண்டும். நாங்கள் கீழ் டோல்காரர்களையே அந்தக் கூலிக்கு அமர்த்தச் சொன்னோம்.

கணக்கு

ஒரே தாள் போதும். வந்தது எவ்வளவு, அனுப்பும் கட்டணம் எவ்வளவு, நேபாள ரூபாயில் எவ்வளவு ஆனது, எந்தக் கடையில் என்ன வாங்கியது, எத்தனை வீடு. கொடுத்த எல்லோருக்கும், பத்து ரூபாய் கொடுத்தவருக்கும், அதே தாள். வாங்கியவர்களின் பெயரும் போன் எண்ணும் அதில் வேண்டாம், அது உங்களிடமும் வார்டிலும் இருந்தால் போதும். தப்பு நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள். பதினோரு நாள் தாமதத்தை நாங்கள் எழுதினோம். யாரும் திட்டவில்லை. இருவர் மட்டும் அடுத்த முறை நாங்களும் சேர்ந்துகொள்கிறோம் என்றார்கள், அதில் ஒருவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2024 வெள்ளத்துக்கு அனுப்பும் வேலை முழுக்க அவர் கையில்தான்.

மிச்சம் விழும். எங்களுக்கு 3,400 நேபாள ரூபாய் விழுந்தது. அதை என்ன செய்வது என்று கொடுத்தவர்களின் குழுவில் கேட்டால் நாற்பது யோசனை வந்தது. கடைசியில் ஆமா சமூஹ் அக்காவிடமே கேட்டோம். பள்ளிக்கூடக் குடிலுக்குள் தரை சில்லிடுகிறது, பிள்ளைகள் உட்கார வைக்கோல் பாய் வேண்டும் என்றார். வாங்கிப் போட்டார்கள். தாளில் கடைசி வரி அதுதான்: பாய், கீழ் டோலில் முடைந்தது.